இடுப்பு வரை வந்த தரை

ஆடி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு, திருச்சிக்குத் தெற்கே தேன்மலர் நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில், புங்க மரத்துக்கு முன்னால் கிடந்த மண்தரை, ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர் கமலவேணியின் இடுப்பு வரை எழுந்து வந்து, அவருடைய நாய் கழித்ததை அவர் கைக்கு எட்டும்படி நீட்டியது. அவர் அதைப் பழைய செய்தித்தாளில் அள்ளி மடித்ததும் சத்தமில்லாமல் இறங்கிப் போனது. எண்ணெய்ச் சட்டியில் பூரி உப்புவதைப் போல எழுந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதன்மேல் இருந்த புல்லும், ஒரு சோடா மூடியும், வரிசையாகப் போய்க்கொண்டிருந்த எறும்புகளும் அப்படியே மேலே வந்தன, அப்படியே கீழே போயின. எறும்புகள் வரிசையைக் கலைக்கவில்லை.

பார்த்தவர்கள் இரண்டே பேர். பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தவில்லை. எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் தையல்காரி மும்தாஜ், துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், கொடிக் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"என்னக்கா, தரை எந்திரிச்சு வந்துச்சா?"

கமலவேணிக்கு இடது காது கேட்காது. முப்பத்தோரு வருடம் அந்தக் காதில் ஹெட்போன் மாட்டியதில் போனது. வலது பக்கத்தைத் திருப்பி, இன்னொரு முறை கேட்கச் சொல்லி, பிறகு பதில் சொன்னார்.

"வந்துச்சு."

"எது வரைக்கும்?"

"இடுப்பு வரைக்கும். ரெண்டு இடத்துலயும் வந்துச்சு. இவன்தான் ஒரே இடத்துல முடிக்க மாட்டானே."

"நல்லதாப் போச்சு. இனிமே அந்தக் குழாயைத் தூக்கிப் போடுங்க. பார்க்கவே சகிக்கல."

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கமலவேணி வேலையில் இருந்த காலமெல்லாம் உட்கார்ந்தே இருந்தவர். காதோடு சேர்த்து முதுகும் போயிருந்தது. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு ஜவ்வு பிதுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: இன்னொரு முறை குனிந்தால் கத்தி வைக்க வேண்டியிருக்கும். படுத்திருந்த அந்த மூன்று மாதத்தில்தான், தெருவில் திரிந்த செவலை நாய் ஒன்று திறந்திருந்த பின்கதவு வழியாக வந்து அவர் கால்மாட்டில் படுத்தது. வாசலில் யாராவது கூப்பிட்டால் அவருக்குப் பதிலாகக் காது கொடுத்தது. கேஸ் அடுப்பில் பால் பொங்கினால் வந்து புடவையை இழுத்தது. வெளியூருக்கு டிரங்கு கால் போட்டுப் பேசுகிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்களே, அந்தச் சத்தத்தில் அது குரைத்ததால் அதற்கு டிரங்கு என்று பேர் வைத்தார். டிரங்கு வந்த பிறகு அவர் கதவைத் தாழிட்டுத் தூங்கினார். அதற்கு முன்னால், யாராவது தட்டினால் கேட்காதே என்று, திறந்துபோட்டுவிட்டு விழித்திருந்தவர்.

நாய் வந்தால் நாய் கழிப்பதும் கூட வரும். மூன்றரை அடி பிளாஸ்டிக் குழாயின் நுனியில் கொட்டாங்கச்சியைக் கம்பியால் கட்டி அள்ளிப் பார்த்தார். கொட்டாங்கச்சி பாதி வழியில் திரும்பிக்கொண்டது. நீளக் கைப்பிடி முறம் வாங்கினார். அது வழவழத் தரைக்குச் செய்தது, மண்ணில் உழுதுகொண்டு போனது. ஒட்டடைக் கம்பில் பழைய தோசைத் திருப்பியைச் சொருகினார். குனியாமல் முழங்காலை மடக்கி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார், எழுப்புவதற்கு இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. எப்படிச் செய்தாலும் கொஞ்சம் தரையில் மிஞ்சியது. மிஞ்சியதை, தினமும் காலையில் தெருத்தெருவாகப் போகும் ஆறரை மணி ஆய்வில், நலச்சங்கச் செயலாளர் அருணகிரி பார்த்தார்.

அருணகிரி அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நகரில் அவரை பி.டி. சார் என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் காலை ஏழு மணிக்குப் பூங்காவில் இருபது பேரை நிறுத்திக் குனிய வைத்து நிமிர வைப்பார். நேர்மையானவர், விதி என்றால் விதி. நாய் வளர்ப்பு பற்றிய பதினான்காவது விதியை எழுதியவரும் அவர்தான். நாய் கழித்ததை வளர்ப்பவரே தன் கையால் அள்ள வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிறவர்களையோ தூய்மைப் பணியாளர்களையோ அள்ளச் சொல்லக் கூடாது. முதல் தெருவில் ஒரு வீட்டுக்காரர் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாளை அள்ள வைத்து, அந்த அம்மாள் அழுதுகொண்டே போன பிறகு வந்த விதி அது. அதே ஆள் "அது என் நாயே இல்லை" என்று சாதித்ததால் இன்னொரு வரியும் சேர்ந்தது: யார் அள்ளுகிறாரோ அவரே வளர்ப்பவர் என்று பதிவேட்டில் எழுதப்படும். மூன்று நோட்டீஸ் வந்தால் நாய் நகரை விட்டுப் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கி ஆதரித்தவர் கமலவேணி. அதனால் மும்தாஜ் அள்ளித் தருகிறேன் என்று வந்தபோதெல்லாம் அவர் மறுத்தார். தவிரவும், மும்தாஜின் வீட்டு உரிமையாளர் வாடகைக்காரர்கள் பிராணி வளர்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார். மும்தாஜ் ஒரு நாள் அள்ளினால் மறுநாள் மெஷினோடு தெருவில் நிற்க வேண்டும்.

தரை எழுந்த வியாழக்கிழமைக்கு முன்பே இரண்டு நோட்டீஸ் வந்திருந்தன. இரண்டையும் கமலவேணி காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார்.

ஒரு வாரத்தில் விஷயம் நகரெங்கும் தெரிந்தது. ஏன் எழுந்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. எதற்கெல்லாம் எழும் என்றுதான் கேட்டார்கள். இரண்டாவது தெருப் பெண்கள் கோலப்பொடி டப்பாவோடு வந்து நின்று பார்த்தார்கள், நின்றபடி கோலம் போட முடிந்தால் மார்கழிக்கு ஆகும் என்று, எழவில்லை. சாவியைப் போட்டுப் பார்த்தார்கள், ஐந்து ரூபாயைப் போட்டுப் பார்த்தார்கள், ஒருவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டு அது எங்கே விழுந்தது என்று தெரியாமல் தேடினார், தரை அசையவில்லை. டிரங்கு கழித்ததற்கு மட்டும், அதுவும் முறைப்படி காகிதத்தைக் கையில் பிடித்து அள்ள வந்தவர்களுக்கு மட்டும் எழுந்தது. அள்ளி முடிக்கிற வரைக்கும், அல்லது வந்தவர் விலகிப் போகிற வரைக்கும், இறங்காமல் நின்றது. அள்ள வந்த எல்லோருக்கும் எழவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. குனிய முடிகிறவர்களுக்கு அது வெறும் தரை. குனிய முடியாதவர்களுக்கு, எவ்வளவு முடியாதோ அவ்வளவு உயரம் வந்தது. லேசான பிடிப்புக்கு முழங்கால் மட்டம், ஜவ்வு பிதுங்கியவர்களுக்கு இடுப்பு.

இது தெரிந்ததும் கூட்டம் கூடியது. கையைக் காகிதத்தோடு நீட்டிப் பார்ப்பதோடு சரி, உண்மையில் அள்ளுவது கமலவேணிதான் என்பதால் விதி மீறப்படவில்லை என்று அருணகிரியும் ஒப்புக்கொண்டார். நான்காவது தெருவில் ஒரு மருமகள், ஒன்றரை வருடமாக முதுகு வலி என்று சொல்லி மாமியாரிடம் நடிப்பு என்று பேர் வாங்கியவள், வந்து நின்றாள். தரை அவள் இடுப்பைத் தாண்டி எழுந்தது. மாமியார் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து தண்ணீர்க் குடத்தை அவரே தூக்கினார். ஒன்பது வருடமாக முதுகு வலி சொல்லி கேஸ் சிலிண்டரைத் தொடாத ஒரு வங்கி அதிகாரியை அவர் மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்தார். தரை சிமெண்டு போலக் கிடந்தது.

"இன்னிக்கு ஈரமா இருக்கு, அதான்" என்றார் அதிகாரி.

"ஈரமெல்லாம் இல்ல. வாங்க, சிலிண்டர் காலியா இருக்கு."

டவுனிலிருந்து ஓர் எலும்பு டாக்டர் மூன்று நாள் வந்து, காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை இறக்கிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார். யாரோ மரத்தடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். சூடம் ஏற்றலாமா என்று கேட்டதற்குப் பிள்ளையார் கோயில் குருக்கள் நெடுநேரம் யோசித்தார்.

"அங்க இருக்கிறது என்னன்னு உங்களுக்கே தெரியும். என்னைக் கேக்காதீங்கோ."

டிரங்கு ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் கழிக்கும் என்பதால், இன்னும் கழிக்கட்டும் என்று அதற்குத் தயிர்சாதமும் பிஸ்கட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு வயிறு கெட்டு இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. அதன் பிறகு கமலவேணி கேட்டில் ஓர் அட்டை மாட்டினார்: நாய்க்குத் தீனி போடாதீர்கள். நாயின் குணமும் எல்லோருக்கும் பழகிவிட்டது. முதலில் மரத்துக்கு முன்னால் ஒரு பங்கு. பிறகு ஏதோ மறந்துவிட்டதைப் போல மரத்தைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் மீதி.

ஆவணி மாதம் ஒரு நாள் உச்சி வெயிலில், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில், டிரங்கு கேட்டைத் தாண்டி ஓடிவந்து வழக்கமான இடத்தில் கழித்துவிட்டுப் போனது. கமலவேணி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். மாடியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மும்தாஜ், அருணகிரி தனியாக வருவதைப் பார்த்தார். அருணகிரி இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கையில் பிடித்தார். தரை எழுந்தது. முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, அவர் நெஞ்சு மட்டத்துக்கு வந்து நின்றது. அவர் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த மண்மேட்டின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, அலுவலக மேஜையில் சாய்கிறவர் போலக் கொஞ்ச நேரம் நின்றார். சட்டை மேலேறியபோது உள்ளே கட்டியிருந்த அகலமான இடுப்புப் பட்டை தெரிந்தது. பிறகு எதையும் தொடாமல் பின்னால் நகர்ந்தார். அள்ள வந்தவர் போனதும் தரையும் மெல்ல இறங்கியது.

அன்று சாயங்காலம் மும்தாஜ் கமலவேணியின் வலது காதில் எல்லாவற்றையும் சொன்னார்.

"ரெண்டு வருஷமா பார்க்ல அவரு குனிஞ்சு நான் பார்க்கல அக்கா. நின்ன இடத்துல விசில் ஊதி எண்ணுறாரு, அவ்வளவுதான். குனியுறது மத்தவங்க."

"ஊதட்டும்."

"ஊதட்டுமா? ரெண்டு நோட்டீஸ் குடுத்தாரே உங்களுக்கு. சங்கக் கூட்டத்துல ஒரு வார்த்தை போட்டு வைங்க. மூணாவது நோட்டீஸ் எழுத அவருக்குக் கை வராது."

"முதுகு அவரோடது மும்தாஜ். நான் ஏன் அதை ஊருக்குக் காட்டணும்? மூணு மாசம் கிடந்தவளுக்குத் தெரியும் அது என்னன்னு."

"நீங்க நல்லவங்களாவே இருங்க. நாய் போகட்டும்."

"நாய் போகாது" என்றார் கமலவேணி. ஆனால் அன்று இரவு காலண்டருக்குப் பின்னால் இருந்த இரண்டு காகிதங்களையும் எடுத்து ஒரு முறை படித்தார்.

ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்த பொதுக்குழுவில், மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு பேவர் பிளாக் கல் பதிக்க வேண்டும் என்று அருணகிரி தீர்மானம் கொண்டுவந்தார். ஏறி இறங்குகிற தரையில் யாராவது விழுந்தால் சங்கம் பொறுப்பாகும் என்றார். அவர் சொன்ன காரணம் அது. மற்றவர்கள் ஆதரித்த காரணம் வேறு. இவ்வளவு பெரிய விஷயம் நடக்கிற இடம் வெறும் மண்ணாகக் கிடப்பது நகருக்கே மரியாதைக் குறைவு என்று அவர்கள் நினைத்தார்கள். தரையால் பயன்பெற்ற மருமகளும் மாமியாரும் சேர்ந்து கை தூக்கினார்கள். சிவப்பும் சாம்பலுமாகப் பதிக்க வேண்டும் என்று வங்கி அதிகாரி திருத்தம் கொண்டுவந்தார், அதுவும் நிறைவேறியது. கல்லைப் பதித்தால் தரை எப்படி எழும் என்று கேட்டவர் கமலவேணி ஒருவர்தான்.

"எழுற தரை எதுலயும் எழும்மா" என்றார்கள். எல்லோருக்கும் அது சரியான பதிலாகப் பட்டது.

புரட்டாசி இரண்டாவது வாரத்தில் வேலை முடிந்தது. பதித்த மேஸ்திரி மட்டும், மரம் மூச்சு விட வேண்டும் என்று, புங்க மரத்தைச் சுற்றி, எந்தப் பக்கமும் ஓர் ஆள் நிற்கும்படியான ஒரு சதுரத்தை மண்ணாகவே விட்டுவிட்டுப் போனார். வேலை நடந்த நாட்களில் கமலவேணியும் டிரங்கும் மும்தாஜோடு ஆட்டோவில் போய் ஏரிக்கரையில் நடந்தார்கள். அங்கே கழித்தால் கேட்பதற்கு ஆளில்லை. திங்கட்கிழமை தெரு திறக்கப்பட்டது. திறப்பைப் பார்க்க, உடற்பயிற்சிக்கு வருகிற இருபது பேரும், வங்கி அதிகாரியும் அவர் மனைவியும், நான்காவது தெரு மருமகளும், மும்தாஜின் வீட்டு உரிமையாளரும், ஆறரை மணி ஆய்வுக்கு அருணகிரியும் வந்திருந்தார்கள். அருணகிரியின் கையில் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று இருந்தது. அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

டிரங்கு புதுக்கல்லை முகர்ந்து பார்த்தது. பிடிக்கவில்லை. ஆனால் ஆறு மாதப் பழக்கம், மரத்துக்கு முன்னால் சிவப்புக் கல்லின்மேல் ஒரு பங்கு கழித்தது, யோசித்தது, மரத்தைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் மீதி.

கமலவேணி செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்லுக்கு அடியில் யாரோ உள்ளங்கையால் தட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. ஒரு கல் சற்றே ஆடியது. பிறகு ஒன்றுமில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அடியில் தட்டியதும் நின்றுபோனது.

"அம்மா, ஆறு முப்பத்தஞ்சு" என்றார் அருணகிரி. சந்தோஷமாகச் சொல்லவில்லை.

கமலவேணி குனியப் பார்த்தார். பாதி தூரம் போனதும் முதுகில் பழைய ஆணி இறங்கியது, நிமிர்ந்துகொண்டார். கண் இருட்டியது. மரத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஓர் அடி எடுத்து அந்த மண் சதுரத்தில் காலை வைத்தார். இரண்டாவது காலையும் வைத்தார். காகிதம் கையில்தான் இருந்தது. அவர் நின்ற இடம் கீழே இறங்கியது.

கிணற்றில் வாளி இறங்குகிற நிதானத்தோடு, கணுக்கால், முழங்கால், தொடை என்று இறங்கி, இடுப்பு மட்டத்தில் நின்றது. கல்தரை இப்போது மேஜை போல அவர் முன்னால் இருந்தது. அவர் கையை நீட்டி, சிவப்புக் கல்லில் இருந்ததை அள்ளி, மடித்து, பைக்குள் போட்டு, மிச்சமிருந்த தாளால் கல்லைத் துடைத்தார். டிரங்கு வந்து, முதல் முறையாகத் தன் உயரத்துக்கு வந்திருந்த அவருடைய இடது காதை நக்கியது.

"ஓ, இப்ப இறங்குதா" என்றார் வங்கி அதிகாரி.

"அதுக்குக் கல்லு கனமா இருக்கும்ல" என்றார் அவர் மனைவி.

ஆனால் தரை கமலவேணியை மேலே கொண்டுவரவில்லை. வேலை முழுதும் முடியாமல், அல்லது அள்ள வந்தவர் விலகிப் போகாமல், அது என்றைக்கும் திரும்பியதில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் மீதிப் பங்கு இருந்தது. இடுப்பைச் சுற்றி மண் இறுக்கமாக இருந்தது. அவரால் திரும்ப முடியவில்லை. இருபது பேர் நின்றார்கள், இருபது பேரும் நன்றாகக் குனிகிறவர்கள். தினமும் குனிந்து பழகியவர்கள். யார் அள்ளினாலும் பதிவேட்டில் பேர் ஏறும். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார். மும்தாஜ் படியிறங்கி வந்தார். அவருடைய வீட்டு உரிமையாளர் தொண்டையைக் கனைத்தார். மும்தாஜ் அதைக் கேட்டும் நிற்கவில்லை. கமலவேணி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவர் அருணகிரி. காலுக்கு இரண்டு அடி தள்ளி மீதி இருந்தது. கமலவேணி மரத்தின் ஓரமாக அவரை நிமிர்ந்து பார்த்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கிறவர்கள் பேசுகிற தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சார், கல்லுல நிக்காதீங்க. மண்ணுல நின்னுக்கோங்க."

அருணகிரி அசையவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?" என்றார், உதடு அசையாமல்.

கமலவேணி வலது காதைத் திருப்பினார். அருணகிரி இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது.

"ஆவணியிலேருந்து."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"உங்க முதுகு சார் அது."

அருணகிரி இருபது பேரையும் பார்த்தார். இரண்டு வருடமாக அவர் விசிலுக்குக் குனிந்தவர்கள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு, சதுரத்தின் அந்தப் பக்க மண்ணில் ஏறி நின்றார். கையில் இருந்த ஒரே காகிதத்தை முன்னால் பிடித்தார். தரை அவரை இறக்கியது. இடுப்பில் நிற்கவில்லை, நெஞ்சு வரைக்கும் கொண்டுபோனது.

எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு வலி என்ற கணக்கு அந்த நகரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அவர் மூன்றாவது நோட்டீஸால் மீதியை அள்ளினார். முதல் முறை என்பதால் சரியாக வரவில்லை. கமலவேணி மரத்துக்கு அப்பாலிருந்து, ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளுங்க என்று சொல்லிக்கொடுத்தார். மடித்து முடித்ததும் இருவரையும் தரை ஒன்றாக மேலே கொண்டுவந்தது. நான்காவது தெரு மருமகள் முதலில் போய் அருணகிரிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்து போட்டாள்.

"உட்காருங்க சார்."

"இல்லம்மா, ஏழு மணிக்கு பயிற்சி" என்றார் அருணகிரி. பிறகு உட்கார்ந்தார். "அந்த நாற்காலியைப் பார்க்குக்குக் கொண்டுவாங்க. நான் உட்கார்ந்தே எண்ணுறேன்."

மறுநாள் பூங்காவுக்கு மேலும் ஆறு நாற்காலிகள் வந்தன. யாருடையவை என்று யாரும் கேட்கவில்லை.

பதினான்காவது விதி இன்னும் இருக்கிறது. அதன்படி பதிவேட்டில் டிரங்கு என்ற பேருக்கு நேரே, வளர்ப்பவர் என்ற கட்டத்தில், கமலவேணி என்பதற்குக் கீழே அருணகிரி என்று அவர் கையெழுத்திலேயே எழுதப்பட்டது; புதனும் சனியும் அவர் முறை. பங்குனியில் சங்கக் கோப்புகளைச் சரிபார்க்க வந்த அதிகாரி, மூன்றாவது நோட்டீஸின் நகல் மட்டும் இருப்பதைப் பார்த்து, அசல் எங்கே என்று கேட்டார். செயலாளர் பேனாவை வாங்கி, ஓரத்தில் ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்: பயன்படுத்தப்பட்டது.